பீப்பாய்க்குப் போர்வை

ரிங்லெட்டில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லை.
அதிகாலை நாலரை மணி இருக்கிறது, அவ்வளவுதான்.
சிமெண்டுத் தரையில் கால் வைத்ததும் பல் கிட்டும்
அந்த நேரம் பார்த்துத்தான்
எங்கள் லயமே குளிக்கும்.
ஐந்தரைக்கு வேன் வந்துவிடும்.

கீழே ஈப்போவில் இருக்கிற நாத்தனார் சிரிப்பாள்:
"மலேசியாவில் சுடுதண்ணியா? உங்களுக்கென்ன சீமையா?"
அவளுக்குக் காற்றாடி பில். எங்களுக்கு ஹீட்டர் பில்.
போன மாதம் நூற்றுப் பதினெட்டு வெள்ளி.
தாளை நாலாய் மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்,
மடித்தால் குறையும் என்பதுபோல.

தவநேசன் தேயிலை ஆலையில் ஃபிட்டர்.
ஆ கியோங் கடை கழித்துப்போட்ட கறுப்புக் குழாய்,
யாரோ மாற்றிய சன்னலின் கண்ணாடி,
பூச்சிமருந்து படாத நீலப் பீப்பாய் ஒன்று
(அதை மூன்று முறை மோந்து பார்த்தேன்).
ஒரு ஞாயிறு முழுக்கத் தகரக் கூரையில் உட்கார்ந்து
குழாயை நத்தை ஓடுபோல் சுருட்டி
கண்ணாடிக்கு அடியில் படுக்கவைத்தார்.
பீப்பாயை அதற்கும் மேலே ஏற்றினார்.

"பம்பு?"
"எதற்கு? சூடானது தானாக மேலே போகும்,
ஆறினது தானாகக் கீழே வரும்."

கங்காணி இல்லாமல் ஒரு வேலை நடப்பதை
இந்த லயத்தில் அன்றுதான் பார்த்தேன்.

மதியம் ஒன்றரைக்குக் கை வைக்க முடியவில்லை.
யாழரசி பள்ளிக்கூடத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து
சுவரில் கரியால் எழுதினாள்: 51.
மூன்று மணிக்கு மூடுபனி ஏறியது.
நாலரைக்கு எழுந்து குழாயைத் திறந்தால்
மலையிலிருந்து வந்த அதே பழைய தண்ணீர்,
எங்கேயோ போய்விட்டு வந்த முகத்தோடு.

மூன்று நாள் அவர் சரியாகப் பேசவில்லை.
ஹீட்டர் சுவிட்சின் சிவப்புக் கண்
அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பிரிஞ்சாங் ஓட்டலில் அறை துடைப்பவள்.
வந்து தங்குகிறவர்கள் குழாயைத் திறந்துவிட்டு
ஆவியில் கண்ணாடி மங்கும்வரை சும்மா நிற்பார்கள்.
அவர்கள் கிழித்த ரஜாய்கள் பின்கட்டில் கிடந்தன.
இரண்டைக் கேட்டு வாங்கி வந்தேன்.
பீப்பாய்க்கு அளவெடுத்தேன்,
கழுத்து, இடுப்பு, அடிப்பக்கம்,
கோணி ஊசியால் தைத்தேன்.
மழை புகாமல் மேலே சுற்ற
மிளகாய்த் தோட்டத்து தில் பகதூர்
பழைய கூடாரப் பிளாஸ்டிக் கொண்டுவந்தான்.
தன் ஊரில் ஆட்டுக்குட்டிக்கு இப்படிச் சுற்றுவார்களாம்.

மிச்சத் துணியைத் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே திணித்தோம்.
அன்றிரவு மழைச் சத்தம் அடுத்த வீட்டில் பெய்வதுபோல் கேட்டது.
படுக்கை ஈரமாக இல்லை.

ஆனாலும் நாலரைக்கு வெதுவெதுப்புதான். 34.
"இன்னொரு ரஜாய்?" என்றார்.
நான் வேறொன்று சொன்னேன்:
தண்ணீர் சாயங்காலம் சூடாக இருக்கிறது,
நாம் சாயங்காலம் குளித்தால் என்ன?

பக்கத்து வீட்டுப் பொன்னுருவி வாயில் கை வைத்தாள்.
"குளிக்காமலா காலையில் விளக்கேற்றுவாய்?"
"குளித்துவிட்டு மாலையில் ஏற்றுகிறேன்.
சாமிக்கும் அப்போதுதான் இருட்டு."
முறைத்தாள். அவளுக்குத் தலையில்
பாதி ஈரமும் பாதித் தும்மலும்.

காலை வெதுவெதுப்பு இரவு வேலை முடித்து வருகிறவருக்கு.
ஐந்து மணிச் சூடு எனக்கும் மகளுக்கும்.
யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை.

டிசம்பரில் ஏழு நாள் வெயிலே இல்லை.
ஏழு நாளும் ஹீட்டர் போட்டோம். வெட்கப்படவில்லை.
அந்த மாதமும் பில் அறுபத்து மூன்றுதான்.
தாளை மடிக்காமல் டின் மேலேயே வைத்தேன்.

எட்டாம் நாள் பத்து மணிக்கு மேகம் கிழிந்தது.
மாலையில் சுவரில் கரி எழுதிற்று: 47.
ரஜாய்மேல் எவர் வீட்டுப் பூனையோ சுருண்டிருந்தது.
கீழே வாளியும் துண்டுமாகப் பொன்னுருவி.
விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"கொஞ்சம் நகரு," என்றாள்.